முழங்கை மான்மியம்

பாயிரம்

முகத்துக்குத் தமிழில் அழகுக் குறிப்புகள் மூட்டை மூட்டையாக உண்டு. கூந்தலுக்கு உண்டு. பித்தவெடிப்புக்கும் சேற்றுப்புண்ணுக்கும்கூடத் தனித்தனிக் களிம்பு உண்டு. முழங்கைக்கு இருப்பதெல்லாம் வார இதழில் பக்கம் நிரம்பாதபோது அடியில் போடப்படும் நான்கு வரி: எலுமிச்சைத் தோலைத் தேயுங்கள், கறுப்பு போய்விடும். ஓர் உறுப்பை இதற்குமேல் அலட்சியப்படுத்த முடியாது. அக்குறை தீர்க்க இந்நூல் எழுந்தது.

நூல் செய்தவன் மருத்துவன் அல்லன். நுண்ணுயிரியல் கற்றவனும் அல்லன். இரண்டு முழங்கைகள் உடையவன் என்பதே அவன் தகுதி. நூற்பயன் யாதெனின், அறம் பொருள் இன்பம் வீடு நான்கில் ஒன்றும் இதனால் கிட்டாது. குளிக்கும்போது ஒரு தடவை கை அந்தப் பக்கம் போகக்கூடும், அவ்வளவே.

நுதலிய பொருளை முதலில் வரையறுத்துவிடுவோம். முழங்கை என்பது ஒன்றல்ல, இரண்டு. வெளியே முட்டி, உள்ளே மடிப்பு. நடுவில் சில விரற்கடைதான் தூரம். ஆனால் திணை வேறு. முட்டி பாலை: எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு, தோல் தடிப்பு, எப்போதும் வறட்சி, சுருக்கம். மடிப்பு மருதம்: தோல் மெல்லிசு, நிழல் உண்டு, வியர்வை தேங்கும். நோய்கூட இந்தத் திணைப் பிரிவை மதித்து நடக்கிறது. சொரியாசிஸ் முட்டியைத் தேடிப் போகும். எக்ஸிமா என்று டாக்டரும் கரப்பான் என்று பாட்டியும் சொல்வது மடிப்பில் வந்து உட்காரும். இந்நூலில் முழங்கை என்று பொதுவாகச் சொன்ன இடங்களில் இரண்டையும் கொள்க.

எல்லை இயல்

முழங்கை கையைச் சேர்ந்ததா, உடம்பைச் சேர்ந்ததா? எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. "கையக் கழுவிட்டு சாப்பிட வா" என்று அம்மா சொன்னால் எந்தப் பிள்ளையும் மணிக்கட்டைத் தாண்டியதில்லை; பாதிப் பிள்ளைகள் விரல் நுனியையே தாண்டியதில்லை. மிச்சத்தைக் குளிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கை விட்டுவிடுகிறது. குளிக்கும்போதோ உடம்புக்கு முதுகும் கழுத்தும் அக்குளும்தான் கவலை. முழங்கையெல்லாம் கை கழுவும்போதே முடிந்திருக்கும் என்று அது நினைத்துக்கொள்கிறது. இரண்டு போலீஸ் ஸ்டேஷன்களின் எல்லையில் கிடக்கும் பிணத்தைப் பார்த்து இரண்டு எஸ்.ஐ.க்களும் "எங்க லிமிட் இல்ல" என்று திரும்பிப் போன செய்தியை அவ்வப்போது படிக்கிறோமே, முழங்கை அந்தப் பிணம்.

உலக அதிகார பீடங்களும் உதவிக்கு வரவில்லை. சோப்பு போட்டுக் கை கழுவ உலக சுகாதார நிறுவனம் 40 முதல் 60 நொடி ஒதுக்குகிறது. சானிடைசர் என்றால் 20 முதல் 30. ஆஸ்பத்திரிச் சுவர்களில் படம் படமாகத் தொங்கும் கழுவல் முறைக்கு மூலம், பர்மிங்காம் நுண்ணுயிரியலாளர் கிரஹாம் அய்லிஃபும் கூட்டாளிகளும் 1978இல் வகுத்த ஆறு படிகள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல்முதுகு, கட்டைவிரல், விரல்நுனி. கட்டைவிரலுக்குத் தனிப் படி கொடுத்தவர்கள் முழங்கைக்கு ஓர் அடிக்குறிப்புகூடத் தரவில்லை. இத்துறையின் ஆதி காவியமும் கையைப் பற்றியதுதான். 1847இல் வியன்னா ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணவறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்கு வந்த டாக்டர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் சாவு ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. அத்தனை புகழும் கைக்கே போய்ச் சேர்ந்தது.

முழங்கையைக் கழுவும் எல்லைக்குள் கொண்டுவந்தவர்கள் இரண்டு தரப்பார். முதல் தரப்பார் தொழுகைக்கு முன் ஒளு செய்கிறவர்கள். இரு கைகளையும் முழங்கை வரை கழுவுவது அதில் கட்டாயக் கடமை. 'வரை' என்றால் முழங்கையும் உள்ளே வருமா, அதற்கு முன்பே நின்றுவிடலாமா என்று பழைய சட்ட அறிஞர்கள் விவாதித்து, உள்ளேதான் என்று பெரும்பாலோர் முடிவு கட்டிவிட்டார்கள். இந்த எல்லைத் தகராறை இவ்வளவு பொறுப்போடு விசாரித்துத் தீர்ப்பு சொன்ன வேறொரு சபையை இவ்வாசிரியன் கண்டதில்லை. நாளைக்கு ஐந்து வேளைத் தொழுகை. நம் தெருவில் மிகச் சுத்தமான முட்டி யாருடையது என்று ஊகிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை.

இரண்டாம் தரப்பார் அறுவை மருத்துவர்கள். ஆபரேஷனுக்கு முன் விரல் நுனியில் தொடங்கி முழங்கை வரை சில நிமிடம் தேய்க்கிறார்கள். கையை மேலே தூக்கி, முழங்கையைக் கீழே விட்டு நிற்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் சுத்தமான விரலிலிருந்து சுத்தம் குறைந்த முட்டிக்கு ஓடி, அங்கிருந்து சொட்ட வேண்டும். திரும்பி வரக் கூடாது. இங்கே நுட்பமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முழங்கையைக் கழுவுகிறார்கள், ஆனால் முழங்கைக்காக அல்ல. கையின் அழுக்குக்கு அது சாக்கடை வாய். கழுவி முடித்ததும் நீண்ட பிடி வைத்த குழாயை மூடுகிற வேலையும் அதற்கே. விரல் புனிதமாகிவிட்டது, இனி எதையும் தொடாது. தொட வேண்டியதையெல்லாம் முட்டி தொடும்.

2007 செப்டம்பரில் பிரிட்டன் சுகாதாரத் துறை ஒரு விதியை அறிவித்தது. நோயாளியைத் தொடும் டாக்டர்கள் முழங்கைக்குக் கீழே வெறுங்கையாக இருக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, கைக்கடிகாரம், நெடுங்காலக் கம்பீரமான வெள்ளைக் கோட் எல்லாம் விடைபெற்றன. இதனால் தொற்று குறைந்ததற்கு நேரடிச் சான்று எங்கே என்று டாக்டர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். இந்நூலுக்கு அது பொருட்டல்ல. ஓர் அரசாங்கம் முழங்கையை எல்லைக்கல்லாக நட்டிருக்கிறது. கல்லையும் சேர்த்துக் கழுவுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக் குளியலறைக்கு வருவோம். சோப்பு வலது கையில் இருக்கிறது. அது இடது தோள், இடது கை, இடது முட்டி என்று ஒழுங்காகப் போய்வருகிறது. பிறகு சோப்பு இடது கைக்கு மாறுகிறது. இடது கைக்கு இதில் பயிற்சியும் இல்லை, ஆர்வமும் இல்லை. வலது தோளில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சோப்பை டப்பாவில் வைத்துவிடும். ஆகவே வலக்கைக்காரர்களுக்கு வலது முழங்கையே அதிக அழுக்குடையது என்பது இவ்வாசிரியன் கோட்பாடு. இடக்கைக்காரர்கள் மாற்றிக் கொள்க.

எட்டாமை இயல்

கூடாரவல்லி அன்று பாடப்படும் திருப்பாவையின் 27ஆம் பாசுரத்தில் பால்சோற்றின்மேல் ஊற்றிய நெய், உண்பவர் கையில் இறங்கி முட்டிவரை வந்துவிடுவதாக ஆண்டாள் பாடியிருக்கிறார். உயர்த்திய கையிலிருந்து இறங்கும் திரவம் முழங்கையில் வந்து விழும் என்கிற, பர்மிங்காமும் வியன்னாவும் காணாத உண்மையைத் தமிழ் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது என்று இதைவைத்து ஒரு கட்டுரை எழுதலாம். எழுதவும் செய்வார்கள். நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த கேள்வி: முட்டிக்கு வந்த நெய் என்ன ஆயிற்று?

தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று பழமொழி கேட்கிறது. நாம் கேட்க வேண்டியது, பழமொழி ஏன் புறங்கையோடு நின்றுவிட்டது என்பதுதான். தேன் புறங்கையில் நிற்கிற பொருளா? அது மணிக்கட்டைத் தாண்டும், முன்கையில் இறங்கும், முட்டியில் சொட்டும். ஆனால் முட்டியை நக்கினான் என்று எவன்மீதும் இதுவரை குற்றச்சாட்டு இல்லை. காரணம் நேர்மையல்ல, உடற்கூறு. மேற்கை எலும்பின் நீளமும் நாக்கின் நீளமும் பெரும்பாலோருக்கு ஒத்துவருவதில்லை. மனிதனின் ஊழல் அவன் நாக்கு எட்டுமிடத்தோடு முடிகிறது. முட்டிக்கு வந்தது எறும்புக்கு.

இந்தக் குறைதான் முழங்கையின் மேன்மை. விரல்மீது உலகம் ஏன் இவ்வளவு சந்தேகம் கொண்டிருக்கிறது? விரல் கதவைத் தொடும், ரூபாய் நோட்டைத் தொடும், அடுத்த நொடியே கண்ணைக் கசக்கும், மூக்கைக் குடையும், வாய்க்குப் போகும். கிருமிக்கு அதைவிட நல்ல வாகனம் கிடையாது. முட்டி எதைத் தொட்டாலும் தன் சொந்தக்காரனின் வாயைத் தொடாது. அதனால்தான் 2020இல், போனை எடுத்தாலே மணிக்குப் பதில் இருமல் கேட்ட அந்த ஆண்டில், உலகம் திடீரென்று முழங்கையை நினைத்துக்கொண்டது. லிஃப்ட் பொத்தானை அது அமுக்கியது. வங்கிக் கதவை அது தள்ளியது. அமைச்சர்கள் முட்டியும் முட்டியும் இடித்துக்கொண்டு புகைப்படத்துக்குச் சிரித்தார்கள். இருமல் வந்தால் முழங்கை மடிப்பில் இருமச் சொன்னார்கள்.

இதில் பூர்வபட்சி ஒருவர் எழுந்து கேட்கிறார்: மடிப்பில் இருமு என்கிறீர், பிறகு அதே முழங்கையை நீட்டி வணக்கம் சொல் என்கிறீர், இது நோயைத் தட்டில் வைத்துக் கொடுப்பதாகாதா? ஆகாது என்பதே சித்தாந்தம். இருமியது மடிப்பில், நீட்டுவது முட்டியை. முட்டியை நீட்டக் கையை மடக்கினாலே மடிப்பு உள்ளே மூடிக்கொள்கிறது. மருதமும் பாலையும் ஒரே சமயத்தில் வெளியே தலைகாட்டுவதில்லை. ஆனால் பூர்வபட்சி விடவில்லை. அவருடைய இரண்டாவது கேள்விக்கு இந்நூலில் விடை இல்லை. சுவரொட்டியில் இருமிக் காட்டுகிற ஆள் எப்போதும் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறார். சளித்துளி துணியில் விழுகிறது. நாம் சித்திரை வெயிலில் அரைக்கைச் சட்டை. சட்டையின் கை முடிந்து நான்கு விரற்கடைக்குக் கீழேதான் மடிப்பு. வீட்டில் என்றால் பனியன். இருமியது முழுக்க வெறுந்தோலில், வியர்வையில் போய் உட்கார்கிறது. அதை யார் எப்போது கழுவினார்கள்? கையைக் கழுவச் சொன்ன குரல் மணிக்கட்டோடு நின்றுவிட்டது, எல்லை இயலில் சொன்னபடி.

உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் 2020இலேயே, முட்டி இடிப்பதும் வேண்டாம், அதற்கு ஒரு மீட்டருக்குள் நெருங்கி வரவேண்டியிருக்கிறது, நெஞ்சில் கை வைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார். கும்பிடு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று நம் பக்கத்திலும் கேட்டவர்கள் உண்டு. இரு சாராரும் இந்நூலுக்குப் பகைவர்.

குடியியல்

இனி முழங்கையில் வசிப்போர். 1938இல் பிலிப் பிரைஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், வரிசையாகக் கிண்ணங்களில் தண்ணீர் வைத்துத் தன் கைகளை ஒன்றன்பின் ஒன்றாக அவற்றில் தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு கிண்ணத்திலும் எத்தனை பாக்டீரியா வந்து விழுந்தன என்று எண்ணினார். தோலில் இருப்போர் இரு வகை என்பது அவர் கண்ட முடிவு: குடியிருப்போர், வந்துபோவோர். வந்துபோவோர் முதல் சில கழுவலிலேயே போய்விடுகிறார்கள். குடியிருப்போர் லேசில் கிளம்பமாட்டார்கள். துரத்தினாலும் மறுபடி பெருகிக்கொள்வார்கள். கை கழுவச் சொல்வதெல்லாம் வந்துபோவோரை விரட்டத்தான்.

அறிவியல் கடைசியில் 2008இல் முழங்கைக்கு வந்து சேர்ந்தது, அதுவும் மடிப்புக்கு. அமெரிக்காவின் பெதஸ்டாவில் தேசிய மனித மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் கிரைஸ், ஜூலியா செக்ரே குழுவினர் ஆரோக்கியமான ஐந்து பேரின் மடிப்பை எடுத்துக்கொண்டார்கள். உள்ளங்கை, நெற்றி எல்லாம் இருக்க மடிப்பு ஏன்? எக்ஸிமா வந்து உட்காரும் இடம் என்பதால். மூன்று விதமாகக் கணக்கெடுத்தார்கள். பஞ்சால் துடைத்தபோது ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 10,000 பாக்டீரியா. மேல்தோலைச் சுரண்டியபோது 50,000. தோலைத் துளையிட்டு எடுத்தபோது 10 லட்சம். கூப்பிட்டால் வாசலுக்கு வருகிறவர்கள் கொஞ்சம், கதவைத் தட்டினால் இன்னும் கொஞ்சம், வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் கும்பல். பஞ்சு வைத்துத் துடைத்துவிட்டுச் சுத்தம் என்று சொல்கிறவர்கள் வாசலோடு திரும்புகிறவர்கள். அந்தக் கும்பலில் பெரும்பான்மையினர் மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் இனங்களைச் சேர்ந்தவர்கள் என்பது ஆய்வாளர்களுக்கே வியப்பாக இருந்தது. வயல்வெளிப் பிரஜைகள். மருதம் என்று பாயிரத்தில் சொன்னது வெறும் அலங்காரம் அல்ல.

அதே குழுவினர் 2009இல் 10 பேரின் உடம்பில் 20 இடங்களை எடுத்துப் பார்த்தார்கள். இன வகை அதிகம் இருந்தது முன்கையில்: நடுமதிப்பு 44. குறைவு காதுக்குப் பின்னால்: 15. குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் திருகித் தேய்க்கும் பாட்டிகளுக்கு இந்த ஆய்வைக் காட்டிப் பயனில்லை; 15ம் தங்கள் தேய்ப்பால்தான் என்பார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 51 மாணவர்களின் உள்ளங்கைகளை ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. ஒரே ஆளின் வலது கையிலும் இடது கையிலும் பொதுவாக இருந்த இனங்கள் 17 சதவீதம்தான். இரண்டு கைகளும் ஒரே ஆளுடையவை என்பது நமக்குத் தெரியும், பாக்டீரியாவுக்குத் தெரியாது.

இவ்வளவு பேர் குடியிருந்தும் முழங்கைக்குக் கேடு வரவில்லை. ஆரோக்கியமான தோல் லேசான புளிப்பு, காரஅமிலக் குறியீட்டில் 5 அளவில் இருக்கும். தோலின் கொழுப்பைத் தின்று அந்தப் புளிப்பைக் காப்பாற்றுவதில் இந்தக் குடிகளுக்கும் பங்கு உண்டு. கெட்டவர்கள் பலருக்கு அந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது. நம் குளியல் சோப்போ 9, 10 என்று காரம். கறுப்பு போக வேண்டும் என்று தேங்காய் நாராலும் பீர்க்கங்கூட்டாலும் காலையும் மாலையும் தேய்க்கிறவர் விரட்டுவது யாரை என்பதை அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

முழங்கை மடிப்புக்கு முறையான அபிஷேகம் நடப்பது ஓரிடத்தில் மட்டும், ரத்தப் பரிசோதனை நிலையத்தில். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் நர்ஸ் அதைத் துடைக்கிறார். ஸ்பிரிட் காய்ந்த பிறகுதான் ஊசி குத்த வேண்டும்; காயும் நேரத்தில்தான் அது கொல்கிறது. பின்னால் கூட்டம் நிற்கும்போது அந்த அரை நிமிடப் பொறுமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. தோலில் நிரந்தரக் குடியான ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் ஊசியோடு குழாயில் ஏறிவிட்டால், கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் அது முளைத்து, ரத்தத்தில் தொற்றோ என்று டாக்டரைக் குழப்பும். அப்பாவியை அக்யூஸ்டாகப் பிடித்த வழக்கு.

கறுப்பியல்

முட்டிக் கறுப்பு அழுக்கல்ல. பெஞ்சிலும் மேசையிலும் ஜன்னல் விளிம்பிலும் ஊன்றி ஊன்றித் தோல் தடித்துப் போனதன் நிறம். தேய்க்கத் தேய்க்க அது மேலும் தடிக்கும். எலுமிச்சை விஷயம் அதைவிட மோசம். எலுமிச்சை வகைப் பழத் தோலின் சாற்றில் ஃபியூரோகூமரின் என்ற பொருள் உண்டு. அது தோலில் பட்டு வெயிலும் பட்டால் தோல் வெந்து, ஆறிய இடம் பல வாரம் கறுத்துக் கிடக்கலாம். எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டு மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகிறவர், வார இதழ் வாக்களித்ததற்கு நேர்மாறானதை வாங்கி வரக்கூடும். நான்கு வரிக் குறிப்பில் ஐந்தாவது வரிக்கு இடம் இருந்திருக்கலாம்.

ஒழிபியல்

சொல்லாமல் விட்டவை பல. பஸ் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய முழங்கை, கையை உள்ளே எடுங்க என்று கண்டக்டர் கத்தும்போது மட்டும் பேசப்படுகிறது. சினிமா தியேட்டரில் இரண்டு நாற்காலிக்கு நடுவே உள்ள ஒற்றைக் கைப்பிடி யாருக்கு என்பது தனி நூலுக்குரியது. அங்கே முன்பின் தெரியாத இருவரின் குடிகள் மூன்று மணி நேரம் கலந்து பழகுகின்றன. ஓட்டல் மேசையை ஒரே துணியால் காலை முதல் துடைத்து வருகிறார்கள், அதில் முட்டியை ஊன்றித்தான் நாம் தோசைக்குக் காத்திருக்கிறோம். பச்சைக் குழந்தையின் குளியல் தண்ணீரில் சூடு பார்க்க முழங்கையை நனைக்கச் சொல்வார்கள். அடுப்படியில் பழகிய விரலைச் சூடு விஷயத்தில் நம்ப முடியாது. இந்த ஒரு காரியத்தில் முழங்கை விரலுக்கு மேலதிகாரி.

கள ஆய்வு ஒன்று மட்டும் செய்யப்பட்டது. நடுவிரல் நுனியிலிருந்து முட்டி வரை ஒரு முழம். கோயில் வாசலில் விற்கும் ஒவ்வொரு முழம் மல்லிகையும் சாமிக்கோ கூந்தலுக்கோ போகுமுன் ஒரு முழங்கையைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. இதை விசாரிக்கப் பிள்ளையார் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவை அணுகினேன்.

"முழம் எவ்வளவும்மா?"

"முப்பது ரூவா சார்."

"பூ அளக்கறதுக்கு முன்னாடி முழங்கையைக் கழுவுவீங்களா?"

அவர் கையிலிருந்த நாரை நிறுத்தாமல் ஒரு தடவை என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நாள் பூரா ஈரத் துணியிலதான் சார் கெடக்கு பூவும் கையும். இதுக்கு மேல என்னாத்த கழுவறது?"

"இல்லம்மா, விரலு ஈரத்துல இருக்கு. முட்டி?"

"உங்களுக்கு அப்பிடி அருவருப்பா இருந்தா, இந்தாங்க, உங்க கையாலயே அளந்து எடுத்துக்குங்க."

பந்தை என் பக்கம் தள்ளினார். நடுவிரலில் பிடித்து முட்டி வரை இழுத்து அளந்தேன். என் கை அவர் கையைவிட மூன்று விரற்கடை நீளம். அவர் என் முட்டியையும் பூவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இந்தக் கைக்கு நாப்பது ரூவா சார்."